பதினேழு என்றால் எந்த மாதம்?

1

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று வருடமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். புரட்டாதிச் சனி விரதம் தொடங்குகிற நாட்களில் இங்கே எங்கள் வீட்டுக்குக் கார் வரிக் கடிதம் வரும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ஊர்க் கோயில் மலருக்கு இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைப்பேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன் வரியைப் பற்றி எழுதினால் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பேனையை மூடி வைத்துவிடுவேன்.

இந்த வருடம் அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அது வராத அந்த வாரத்திலேயே ஊரிலிருந்து என் தங்கை போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், மழை விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. அபி ஆரோடையோ போயிட்டாளாம் எண்டு இஞ்ச கதைக்கினம். உண்மையே?" என்றாள்.

 அபிராமி எங்களுக்கு ஒரே பிள்ளை. நேர்ஸ் வேலை பார்க்கிறாள். இன்னும் கலியாணம் ஆகவில்லை. அவள் பெயர் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறி மாறி எங்கெல்லாம் போயிருக்கிறதோ என்று நினைக்க அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முருகனுக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்வதென்றால் கார் வரியில்தான் தொடங்க வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

2

ஊரில் வருடா வருடம் வாகனத்தைக் கொண்டுபோய்ப் புகைச் சோதனை செய்வீர்கள். புகைக் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துப் பத்திரம் தருவார்கள். லண்டனில் காரின் புகைக்கு வரி என்று கேள்விப்பட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். குறைவாக ஓடினால் குறைவான புகை; குறைவான புகைக்குக் குறைவான வரி. கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும் மட்டும் போய்வருகிற காருக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள் என்று நம்பினேன். பெற்றோல் நிலையத்தில் பல வருடம் கல்லாவில் நின்றவன் நான். அப்படியிருந்தும் இந்த நம்பிக்கை.

இங்கே கணக்கு வேறு. கார் ஒரு கிலோமீற்றர் ஓடினால் எத்தனை கிராம் கரியமில வாயு வெளியே வரும் என்று, அந்த ரகக் காரைச் செய்கிற காலத்திலேயே சோதித்து ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அது கார்ப் புத்தகத்தில் ஏறிவிடும். பிறகு நீங்கள் ஸ்கொட்லாந்து வரை ஓடினாலும் வாசலில் நிறுத்தி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாலும் அந்த எண் மாறாது.

எண் மட்டும் போதாது. கார் முதன்முதல் பதியப்பட்ட திகதியும் வேண்டும். 2001 மார்ச்சுக்கு முன் பதிந்த காருக்கு எஞ்சினின் அளவைப் பார்த்து வரி. அதற்குப் பிறகு 2017 மார்ச் மாதம் முடியும்வரை பதிந்த காருக்குக் கிராம் கணக்கு. நூறு கிராமுக்குள் நின்றால் முதலாம் வகுப்பு. நாங்கள் கார் வாங்கிய நேரத்தில் அதற்கு ஒரு சதமும் வரி இல்லை. கிராம் ஏற ஏற வரியும் ஏறி, பெரிய கார்களுக்கு எழுநூறு பவுணையும் தாண்டும். 2017 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பதிந்த கார் என்றால், முதல் வருடத்துக்கு மட்டும்தான் கிராம் பார்ப்பார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் பொதுவாக ஒரே தொகை, இப்போது இருநூறு பவுணுக்குக் கிட்ட. விலை கூடிய கார்களுக்கு அதற்கு மேலும் சில வருடம் சுமை உண்டு.

லண்டனுக்குள் பழைய கார்களிடம் நாளாந்தம் அறவிடுகிற புகைக் காசு என்று ஒன்று இருக்கிறது. அது முழுக்க வேறு. இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

என் மனைவி யோகத்துக்கு இதையெல்லாம் நான் விளங்கப்படுத்தியபோது, அவள் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப பிறந்த திகதியையும் பிறக்கேக்க எழுதின எண்ணையும் வைச்சுத்தான் ஆயுளுக்கும் பலன் சொல்லுறாங்கள்?"

"ஓம்."

"இவங்களும் சாதகம்தானே பாக்கிறாங்கள். பிறகேன் அபி என்னைப் பாத்துச் சிரிக்கிறாள்?"

3

அபிக்கு வேலை கிடைத்தது ஸ்ட்ரெதத்தில். நாங்கள் இருப்பது செவன் கிங்ஸில். ஊரிலிருப்பவர்களுக்கு இரண்டும் லண்டன்தான். ஆனால் நடுவே தேம்ஸ் ஆறு கிடக்கிறது. அதற்கு அடியால் போகிற சுரங்கப் பாதையில் கார்கள் ஊர்ந்துகொண்டு நிற்கும். அவளுடைய வேலை ஆஸ்பத்திரிக்குள் அல்ல. படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவாள், ஊசி போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் கணக்கைச் சொன்னாள். கிளினிக்குக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தால் நடந்து போகலாம்; பகலில் கிளினிக்கின் காரையே பாவிக்கலாம். எங்களோடு இருந்தால் சொந்தமாகக் கார் வேண்டும்.

"அப்பா, கார் சீப்பா ஓடுமெண்டா நான் வீட்டிலயே இருக்கிறன். இன்ஷூரன்ஸே பயங்கர எக்ஸ்பென்சிவ். அதுக்கு மேல டக்ஸும் கூடவெண்டா ஸொறி, நான் ரூம் எடுக்கிறன். ஓகேயா?"

ஓகே என்று சொன்னேன். யோகம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாய் நிறையத் தமிழ் பேசினாள். பத்து வயதுக்குப் பிறகு நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். ஆற்றுக்கு அங்காலே போனால் அந்தக் கேள்வியும் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். இனி எனக்கு ஒரே வேலைதான்: வரியில்லாத ஒரு கார் கண்டுபிடிப்பது.

கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது சிவம் அண்ணையிடம் கேட்டேன். எங்களுக்கெல்லாம் முந்தி லண்டனுக்கு வந்தவர். எதைக் கேட்டாலும் தெரியும் என்பார்.

"பதினேழு வரைக்கும் எடும்," என்றார். "பதினேழு நம்பர் பிளேட் வரைக்கும் புகைக் கணக்கு. சின்னக் காராப் பாத்து எடுத்தீரெண்டால் வரி சைவர், ஒரு சதமும் இல்லை. என்ர மச்சான் சொன்னவன், அவனுக்கு உதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

இந்த நாட்டில் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தாலே அது எந்த வருடத்துக் கார் என்று தெரியும். நடுவில் 17 என்று இருந்தால் 2017 மார்ச்சுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் பதிந்தது. நான் பதினேழைத் தேடத் தொடங்கினேன். தெருவில் நிற்கிற கார்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டு இலக்கத்தைப் பார்த்தேன்.

வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியது.

"பதினேழோ?" என்றாள் யோகம். "ஒண்டும் ஏழும் எட்டு. எட்டு சனியின்ர எண். இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு ஏழரை முடிஞ்சு இப்பதான் மூச்சு விடுறாள்."

"அம்மா, பிளீஸ்," என்றாள் அபி. "அந்த ஆறு மாசத்தில இந்த நாட்டில வித்த எல்லாக் காரும் பதினேழுதான். எல்லாருக்கும் சனியா?"

"எல்லாரும் எப்பிடி ஓடுறாங்கள் எண்டு நீ பாத்தனியே?"

"சரி, பதினெட்டு எடுப்பம். ஒன்பது."

"பதினெட்டுக்கு முழு வரி," என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சனிக்குப் பயந்தாள், மற்றவள் செலவுக்குப் பயந்தாள். நான் இரண்டுக்கும் பயந்து நடுவில் நின்றேன்.

4

முதலில் அகப்பட்ட கார் வெம்பிளியில். விற்பவர் தமிழ்நாட்டுத் தம்பி, கணினி வேலை, பெயர் கார்த்திக். கார் பளிச்சென்று இருந்தது. வெள்ளை நிறம், பெற்றோல், தொண்ணூற்றொன்பது கிராம், நடுவில் 17. காருக்குள் சின்னப் பிள்ளையார் ஒருவர் ஒட்டியிருந்தார். எனக்கு அப்போதே மனம் நிறைந்துவிட்டது.

"வரி சைவர்தானே, தம்பி?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லீங்க அங்கிள். இதுக்கு ஃபுல் டாக்ஸ். அது ஒரு பெரிய கதை. மார்ச் கடைசில வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோன்னாங்க. ஊர்ல அம்மாகிட்ட சொன்னேன். 'பங்குனில வேணாம்ப்பா, சித்திரை பொறக்கட்டும், நல்ல நாள் பாத்து எடு'ன்னாங்க. நானும் ஆமான்னு பொறுத்தேன். ஏப்ரல்ல ரூல் மாறிடுச்சு. அப்ப பொறுத்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் கட்டுறேன்!"

"ஆனால் பதினேழுதானே?"

"ஆமா, பதினேழுதான். ஆனா மார்ச் பதினேழு வேற, ஏப்ரல் பதினேழு வேற."

 மார்ச் காரும் ஏப்ரல் காரும் ஒரே தொழிற்சாலை, ஒரே நிறம், ஒரே கிராம், தகட்டில் ஒரே பதினேழு. ஒன்றுக்கு வரி இல்லை, மற்றதற்கு முழு வரி. அபி தன் போனில் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து, காரின் இலக்கத்தைத் தட்டி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பதிந்த மாதம், கிராம், வரி எல்லாம் அதில் இருந்தது.

"அப்பா, இவ்வளவும் இதில கிடக்கு. நீங்கள் ஏன் அன்னதான லைனில கேக்கிறீங்கள்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபிக்கிற பிள்ளை வீட்டில் நிற்கும். எங்களைப் பார்த்துப் பாவம் என்று நினைக்கத் தொடங்கிய பிள்ளை நிற்காது.

அடுத்த வெள்ளி சிவம் அண்ணையைக் கோயிலில் பிடித்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மச்சான் மார்ச் எண்டும் சேர்த்துத்தான் சொன்னவன். மாசத்தில என்ன கிடக்கு எண்டு நான் அதை விட்டிட்டன். ஏன், ஏதும் பிழைச்சுப் போச்சே?"

5

இரண்டாவது காரை அபியே போனில் தேடிப் பிடித்தாள். 2017 மார்ச்சில் பதிந்தது, அதே தொண்ணூற்றொன்பது கிராம். நூறைத் தாண்ட ஒரு கிராம்தான் இடைவெளி என்பது எனக்குக் கலக்கமாகவே இருந்தது. கார் பழையதானால் கிராம் கூடாதா என்று கேட்டேன். கூடினாலும் வரிக்குக் கூடாது, பிறந்தபோது எழுதியது எழுதியதுதான் என்றாள். அந்தக் கார் நின்ற இடம் ஸ்ட்ரெதம். எந்த இடத்துக்குப் பிள்ளை போய்விடக் கூடாது என்று ஓடித் திரிந்தேனோ, அந்த இடத்துக்கே அவளை அழைத்துக்கொண்டு போனேன். யோகமும் கூட வந்தாள்.

விற்றவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. கண் பார்வை குறைந்துவிட்டதால் இனி ஓடமாட்டேன் என்றார். புதிதாகப் பொறுப்பெடுப்பவரின் முகவரி கேட்டபோது அபி யோசிக்காமல் எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

யோகம் வழக்கப்படி, கார் ஏறி நசிக்கச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, "எடு பிள்ளை," என்றாள்.

"வேண்டாம், எடாதே!" என்று நான் கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கே காரை விற்றால் பழைய ஆளின் வரி அந்தக் காரோடு வராது. வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாகப் போட வேண்டும். வரி சைவர் என்றாலும் சைவர் என்று போட வேண்டும். போடாமல் தெருவில் நின்றால் சில்லுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பூச்சியம் கட்டாததற்குத் தண்டம் கட்டுகிற நாடு இது.

அபி தெருவிலேயே நின்று போனில் அதைச் செய்து முடித்தாள். "சைவர், அப்பா. டன்."

"முருகா," என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். பிறகுதான் தேசிக்காய் நசிந்தது.

திரும்பி வரும்போது யோகம் பின் சீற்றில் இருந்து விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. ஒண்டும் எட்டும் ஒன்பது. கிராம் ஒன்பதில நிக்குது. எட்டை ஒன்பது அமத்தும்."

"தாங்க் காட்," என்றாள் அபி.

6

இரண்டரை வருடம் அந்தக் கார் ஆற்றைக் கடந்து போய்வந்தது. அவள் வரும்வரை யோகம் ஜன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுரங்கத்துக்குள் கார் ஏதும் பழுதாகி நின்றதாக வானொலியில் சொன்னால், அது எங்கள் பிள்ளையின் கார்தான் என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

புரட்டாதியில் வரிக் கடிதம் அவள் பெயருக்கு வரும். நான் உடைக்காமல் சுவாமிப் படத்துக்கு முன் வைத்துவிடுவேன். அவள் வந்து, கையைக் கழுவி, குசினி மேசையில் இருந்து போனில் தட்டுவாள். நான் பக்கத்தில் இருந்து கடிதத்திலுள்ள இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசிப்பேன். "சைவர், அப்பா. டன்." "முருகா." யோகம் தேத்தண்ணி கொண்டுவருவாள். எங்களுக்குள் பேச அதிகம் இல்லாத வருடங்கள் அவை. ஆனால் அன்றைக்குப் பேச ஒரு விஷயம் இருக்கும். சனிக்கு எரிக்கிற எள்ளெண்ணெய்ச் சட்டியின் மணத்தோடு அந்தச் சைவரும் எனக்கு ஒரு விரதம் போல ஆகிவிட்டது.

இந்த வருடம் ஏப்ரலில் எல்லாம் ஒன்றாக மாறின. சுரங்கத்துக்குள் போய்வரக் காசு என்றார்கள். வரியே இல்லாத கார்களுக்கும் வருடம் இருபது பவுண் என்றார்கள். பற்றறியில் ஓடுகிற, புகையே விடாத காருக்கும் வரி வந்தது. ஆனால் பிள்ளையைக் களைக்கப் பண்ணியது காசு அல்ல. ஒருநாள் வேலையால் வந்தவள் காரை வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கில் தலையை வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"ஏலாது அப்பா," என்றாள். "ஐ ரியலி ட்ரைட்."

பெட்டியை நானே தூக்கிக் காரில் வைத்தேன். கிளினிக்கில் வேலை செய்கிற இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு வீட்டில் மேல் அறை. யோகம் சுவாமிப் படம் ஒன்றும் ஊறுகாய்ப் போத்தலும் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அபி அந்தக் காரில் எங்களிடம் வருவாள். ஊரிலே "ஆரோடையோ" என்று கதைக்கிறார்களே, அந்த ஆர் இந்த இரண்டு பிள்ளைகளும்தான்.

7

அவள் போன பிறகு எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கார்ப் புத்தகத்தில் இன்னும் எங்கள் வீட்டு முகவரிதான். ஆகவே புரட்டாதியில் கடிதம் எங்களுக்கு வரும். அதை எடுக்க அவள் வருவாள். சுவாமிப் படத்துக்கு முன் வைக்கலாம். இலக்கம் வாசிக்கலாம்.

அந்த எண்ணம் கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது. பிறகு பயம் பிடித்தது. வீடு மாறினால் கார்ப் புத்தகத்திலும் முகவரியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஆயிரம் பவுண் வரை தண்டம் போடலாம். ஸ்ட்ரெதத்தில் அவள் காருக்கு ஏதாவது நோட்டிஸ் அனுப்பினால் அது எங்கள் கதவுக்குள் வந்து விழும், அவளுக்குத் தெரியாமல் நாள் கடந்துபோகும். நேர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளையின் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழலாமா? ஒவ்வொரு முறையும் தபால் துவாரம் சத்தம் போடும்போது ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"பிள்ளை, கார்ப் புத்தகத்தில அட்ரஸை மாத்திப்போடு."

"ஏன் அப்பா? கிடக்கட்டுமே. கடிதம் வந்தா இஞ்ச வந்து எடுக்கிறன்."

யோகம் எனக்குக் கண்ணைக் காட்டினாள். பேசாமல் இருங்கோ என்று அர்த்தம். பேசாமல் இருந்திருக்கலாம்.

"இல்லையம்மா. நீ இப்ப அங்கதானே இருக்கிறாய். இருக்கிற இடத்தைத்தான் எழுத வேணும்."

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு போனை எடுத்தாள். இதுவும் அவ்வளவு கெதியில் முடிகிற வேலைதான். பத்திரம் அனுப்புகிற இடம் கேட்டபோது, ஸ்ட்ரெதம் முகவரியைத் தட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். இந்த முறை வாசித்துச் சொல்ல எனக்கு இலக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் இந்த வருடம் கடிதம் வரவில்லை. வராது என்று தெரிந்தும், புரட்டாதி முதற் சனிக்கிழமை கோயிலால் வந்ததும் கதவடியைப் பார்த்தேன். பீட்ஸாக் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது. அடுத்த சனி பின்னேரம் அபி போன் எடுத்தாள்.

"அப்பா, டக்ஸ் கட்டிட்டன். இருபது."

"நல்லது பிள்ளை," என்றேன்.  கடிதத்தை அவள் எங்கே வைத்திருந்தாள், யாரோடு இருந்து கட்டினாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அப்பா?"

"ஓம்?"

"முருகா சொல்லேல்லை நீங்கள்."

சொன்னேன். அவள் டன் என்றாள்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். கார் வாங்கப் போகிற உறவுகளுக்குப் பதினேழு என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், மார்ச் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் அபியைப் பற்றி யாராவது கேட்டால், போயிட்டாள் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள் என்பதையும், முகவரியை மாற்றச் சொன்னவன் தகப்பன்தான் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.